நுரைக்கும் தேறல்

பழந்தமிழர் மதுவுக்கு இட்டு வழங்கிய பெயர்கள் பல. நறவு, மட்டு, பிழி, தோப்பி, அரியல், தேறல் எனச் சங்க நூல்களில் அவை பரந்து கிடக்கின்றன. இவற்றுள் தேறல் என்னும் சொல் தனித்து நோக்கத்தக்கது. தேறுதல் என்றால் தெளிதல். மண்டி அடியிலே படிய, மேலே தெளிந்து நிற்பதே தேறல். பொருளின் சுவையையோ மணத்தையோ கூறாமல், அதை ஆக்கும் செயலின் முடிவைப் பெயராகக் கொண்ட சொல் இது. புறநானூற்றின் 56ஆம் பாடலில், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகின்றார். யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட, நாளும் மகிழ்ந்திருக்க என்பது அவ்வாழ்த்து. அத்தேறல் வந்த சாடிகளின் ஓடுகள், 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் வெளிப்பட்டன.

யவனர் தந்தது திராட்சை மது. ஆனால் நுரைக்கும் மதுவன்று. குப்பியில் அடைத்து வைத்து, தக்கையை எடுத்தவுடன் பொங்கியெழும் மது ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுக் கதையே உடையது. அக்கதையில் துறவியர் வருகின்றனர். மருத்துவர் ஒருவர் வருகின்றார். இளம் வயதிலே கணவனை இழந்த பெண்மணி ஒருவர் வருகின்றார். மலைச்சரிவுகளில் பெயரின்றி உழைத்த உழவர் குடும்பங்களும் வருகின்றன. இவர்களுள் யாருக்குப் புகழ் சென்றது, யாருக்குச் சென்றிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அதைக் கற்கும் மாணவர்கள் இதை ஒரு தொழிலின் வரலாறாகப் படித்தால் போதும். பருகுவதற்கான பரிந்துரையாகக் கொள்ள வேண்டா.

முதலில் நுரை எங்கிருந்து வருகின்றது என்பதைத் தெளிந்துகொள்வோம். தென்னம்பாளையில் வடியும் இனிய சாறு, யாரும் எதையும் சேர்க்காமலே கலயத்தில் நுரைக்கத் தொடங்குவதைத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் முன்னோர் நன்கறிவர். திராட்சைச் சாற்றிலும் நிகழ்வது அதுவே. ஈஸ்ட் எனப்படும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு, ஏறத்தாழப் பாதியைச் சாராயச் சத்தாகவும் மறுபாதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றது. இது உயிருள்ள ஒன்றின் செயல் என்பதை லூயி பஸ்தேர் 1850களின் இறுதியிலேதான் நிறுவத் தொடங்கினார். அதுவரை மது ஆக்கியோர் அனைவரும் காரணம் அறியாமலே காரியம் செய்தவர்கள்.

தொட்டி திறந்திருந்தால் வாயு காற்றோடு கலந்துவிடும். மூடிய குப்பிக்குள் நொதித்தல் நடந்தால் அது மதுவுக்குள்ளேயே கரைந்து நிற்கும். குளிர்நாடுகளில் இது தற்செயலாகவே நடந்தது. இலையுதிர் காலத்தில் பறித்த பழத்தின் சாறு பாதி நொதித்திருக்கையில் பனிக்காலம் வந்துவிடும். ஈஸ்ட் உறங்கிவிடும். மது முடிந்தது என்று கருதி அடைத்து வைத்தால், இளவேனிலில் வெப்பம் ஏறியதும் உறங்கியது விழித்துக்கொண்டு எஞ்சிய சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். தெற்குப் பிரான்சிலுள்ள இலிமூ நகரத்தார், அருகிலிருந்த செயிண்ட் இலேர் மடத்துத் துறவியர் 1531இலேயே இவ்வாறு நுரைக்கும் வெண்மது ஆக்கினர் என்று பெருமையுடன் கூறுவர். மார்ச்சுத் திங்களில் தேய்பிறையில் குப்பியில் அடைப்பது அங்கே மரபு. சர்க்கரையோ பிறிதொரு பொருளோ சேர்க்காமல், தொட்டியில் தொடங்கிய ஒரே நொதித்தலைக் குப்பிக்குள் முடிக்கும் இவ்வழிக்கு முன்னோர் முறை என்று பெயர்.

இம்முறையை உலகறியச் செய்திருக்க வேண்டிய ஷாம்பேன் நாடு, நெடுங்காலம் இதை ஒரு குற்றமாகவே கருதியது. பாரீசுக்கு வடகிழக்கே உள்ள அக்குளிர்ந்த நிலத்தில் மது தானாக நுரைத்தது. குப்பிகள் தானாக வெடித்தன. ஓவில்லேர் மடத்தில் 1668 முதல் 1715இல் இறக்கும்வரை நிலவறைக் காப்பாளராக இருந்த தோம் பெரின்யோன் என்னும் துறவியே நுரைக்கும் மதுவைக் கண்டுபிடித்தார் என்று பள்ளி நூல்களும் விளம்பரங்களும் நெடுநாள் ஓதி வந்தன. உண்மை இதற்கு நேர்மாறானது. நுரையைத் தடுப்பதற்கே அவர் முயன்றார். பல தோட்டத்துப் பழங்களை அளவறிந்து கலப்பதிலும், கருந்திராட்சையிலிருந்து தெளிந்த வெண்மது பிழிவதிலுமே அவருடைய திறமை விளங்கியது. அவர் மறைந்து நூறு ஆண்டுகள் கடந்தபின், அதே மடத்தைச் சேர்ந்திருந்த தோம் குரோசார் என்பவர் 1821இல் எழுதிய கடிதம் ஒன்றே கண்டுபிடிப்புக் கதைக்கு ஊற்றாயிற்று. பிரெஞ்சுப் புரட்சியிலே மடத்தை இழந்தவருக்கு அதன் பெருமையையாவது காக்க வேண்டும் என்ற ஆசை இருந்திருக்கலாம். வணிகர்களுக்கோ அக்கதை பொன்னாகப் பலித்தது.

நுரையை விரும்பி வரவேற்றவர்கள் உண்மையில் ஆங்கிலேயர்கள். கப்பல் கட்ட மரம் வேண்டும் என்பதற்காகக் கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதை முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1615இல் தடை செய்தார். நிலக்கரிக்கு மாறிய உலைகளில் வெப்பம் மிகுந்தது. கண்ணாடி தடித்து வலுவுற்றது. அந்தக் குப்பிகள் வாயுவின் அழுத்தத்தைத் தாங்கின. 1662 டிசம்பரில் கிறிஸ்தோபர் மெரட் என்னும் மருத்துவர் இலண்டன் அரச கழகத்தில் படித்த கட்டுரையில், மது வணிகர்கள் சர்க்கரையும் வெல்லப்பாகும் சேர்த்து மதுவை நுரைக்கச் செய்வதைக் குறிப்பிட்டுள்ளார். தோம் பெரின்யோன் நிலவறைச் சாவியைப் பெறுவதற்கு ஆறாண்டுகள் முன்னர் இது. போர்க்கப்பலுக்கான மரக்கவலை நுரைக்கும் மதுவுக்கு வழிவிட்டது என்பதை எண்ணுகையில் வரலாற்றின் போக்கு வியப்பளிக்கின்றது.

இனி நிறத்துக்கு வருவோம். கருந்திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. நிறம் தோலிலேதான் உள்ளது. பழத்தைப் பிழிந்தவுடன் தோலை நீக்கினால் வெண்மது. பல நாள் ஊறவிட்டால் செம்மது. சில மணி நேரம் மட்டும் தோலோடு வைத்துப் பிரித்தால் இளஞ்சிவப்பு. ரேன்ஸ் நகரில் 1729இல் தொழில் தொடங்கிய ரூய்னார் நிறுவனத்தின் 1764ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், கௌதாரிக் கண் என்னும் பெயருடைய மது 60 குப்பிகள் அனுப்பப்பட்ட குறிப்பு உள்ளது. இளஞ்சிவப்புக்குக் கௌதாரியின் கண்ணை உவமையாக்கிய அந்நாட்டார் நோக்கு நம் அகப்பாடற் புலவர்களுக்குப் பிடித்திருக்கும். ஆயினும் பின்னர் வந்த வணிகர் பலர் எளிய வழி தேடினர். எல்டர் என்னும் செடியின் கருங்கனிச் சாற்றை ஊற்றி, வெண்மதுவுக்குச் சாயமேற்றி விற்றனர்.

இவ்விடத்தில்தான் கிளிக்கோ அம்மையார் வருகின்றார். பார்ப் நிக்கோல் பொன்சார்தேன் 1777இல் ரேன்ஸ் நகரில் துணி வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். 1798இல் பிரான்சுவா கிளிக்கோவை மணந்தார். 1805இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 27. கையில் ஒரு பெண் குழந்தை. அக்காலப் பிரெஞ்சுச் சட்டம் மணமான பெண்ணைக் கணவனின் கட்டுப்பாட்டில் வைத்தது. மணமாகாத பெண்ணைத் தந்தையின் நிழலில் வைத்தது. கைம்பெண்ணுக்கு மட்டுமே சொந்தப் பெயரில் வணிகம் நடத்தும் உரிமை கிட்டியது. அவ்வம்மையார் மறுமணம் செய்யாமலே 1866இல் 88 வயதில் மறைந்தார். கைம்பெண் என்ற சொல்லையே நிறுவனத்தின் பெயரில் முன்வைத்து உலகெங்கும் விற்றார் என்பதை, கைம்மையை அமங்கலம் என ஒதுக்கிய சமூகங்களில் பிறந்த நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

அவர் எதிர்கொண்ட பெருஞ்சிக்கல் மண்டி. குப்பிக்குள் நொதித்து முடிந்ததும் இறந்த ஈஸ்ட் அடியில் படியும். குப்பியை அசைத்தாலே மது கலங்கும். வேறு குப்பிக்கு மாற்றினால் தெளியும். ஆனால் நுரை போய்விடும். நுரையா தெளிவா என்ற இந்த இழுபறியில் அத்தொழில் தலைமுறைகளாகத் தவித்தது. 1816ஆம் ஆண்டளவில் அம்மையாரின் நிலவறையில், மேசைப் பலகையிலே துளைகள் இட்டு, அவற்றில் குப்பிகளைத் தலைகீழாகச் செருகி வைக்கத் தொடங்கினர். நாள்தோறும் ஒவ்வொரு குப்பியையும் சிறிது குலுக்கித் திருப்பினால், சில வாரங்களில் மண்டி முழுவதும் கழுத்துக்கு இறங்கித் தக்கையின்மேல் அமர்ந்துவிடும். அப்போது தக்கையைச் சட்டென்று திறந்தால், உள்ளழுத்தமே மண்டியை வெளியே தள்ளிவிடும். குறைந்த அளவை நிரப்பி மீண்டும் அடைத்தால் நுரையும் நிற்கும், தெளிவும் நிற்கும். நிலவறைத் தலைவர் அந்துவான் முல்லர் அம்முறையைச் செம்மைப்படுத்தினார். கண்டுபிடிப்பில் அம்மையாரின் பங்கு எவ்வளவு, முல்லரின் பங்கு எவ்வளவு, பெயர் எழுதப்படாத நிலவறைத் தொழிலாளியின் பங்கு எவ்வளவு என்று இன்று அளந்து பிரிக்க இயலாது. என் எண்ணத்தில், நாளொன்றுக்குப் பல்லாயிரம் குப்பிகளைத் தொட்டுத் திருப்பிய கைகளுக்கு உரிய இடத்தை வரலாறு இன்னும் தரவில்லை.

1818இல் அவர் மற்றொன்றும் செய்தார். கருங்கனிச் சாயத்தைக் கைவிட்டு, பூசி என்னும் ஊரிலுள்ள தம் தோட்டத்துச் செம்மதுவை வெண்மதுவோடு கலந்து இளஞ்சிவப்பு ஷாம்பேனை உருவாக்கினார். இன்றும் ஷாம்பேன் நாட்டில் இம்முறை செல்லும். பிரான்சின் பிற பகுதிகளில் நுரையா இளஞ்சிவப்பு மதுவைக் கலந்து செய்தல் ஆகாது. 2009இல் ஐரோப்பிய ஆணையம் அக்கலப்பை எங்கும் அனுமதிக்க முனைந்தபோது, தோலோடு ஊறவைத்து நிறம் பெறும் உழவர்கள் கொதித்தெழுந்தனர். சில மாதங்களிலேயே ஆணையம் பின்வாங்கியது.

இத்தனை ஒளிக்கும் கீழே இருள் ஒன்று இருந்தது. குப்பிக்குள் எவ்வளவு சர்க்கரை எஞ்சியுள்ளது என்று அறியும் வழி அக்காலத்தில் இல்லை. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் உண்டாகும். 24 கிராம் நொதித்தால் ஆறு. அதற்கும் மிஞ்சினால் கண்ணாடி சிதறும். ஒன்று வெடித்தால் அண்டையிலிருப்பதும் வெடிக்கும். தீய ஆண்டுகளில் நிலவறையின் பாதிக்கு மேற்பட்ட குப்பிகள் அழிந்தன. தொழிலாளர்கள் முகத்தில் இரும்புக் கம்பிக் கவசம் அணிந்தே உள்ளே சென்றனர். கண்ணையும் விரலையும் இழந்தவர் பலர். ஷாலோன் நகரத்து மருந்தாளர் ஜான் பத்தீசுத்து பிரான்சுவா 1836இல் சர்க்கரையை அளக்கும் முறையை வெளியிட்ட பிறகே இக்கொடுமை தணிந்தது. அதன்பின் பெருநிறுவனங்கள், சாற்றின் இயற்கைச் சர்க்கரையை முற்றும் நொதிக்கவிட்டு, அளந்த சர்க்கரையும் ஈஸ்டும் புதிதாகச் சேர்த்துக் குப்பியில் இரண்டாம் நொதித்தலை நடத்தின. பாதுகாப்பும் ஒருமைப்பாடும் கிட்டின. முன்னோர் முறை பின்தங்கிய நாட்டுப்புறத்தார் வழக்கம் எனத் தள்ளப்பட்டது.

தள்ளப்பட்டது எங்கே தங்கியது? லியோனுக்கும் ஜெனீவாவுக்கும் இடையே, ஷுரா மலைத்தொடரின் தெற்குச் சரிவில் பூழே என்னும் வட்டாரம் உள்ளது. அங்கே சேர்தோன் என்பது ஒரு சிற்றூர். ஷாம்பேனின் திராட்சைப் பரப்பு ஏறத்தாழ 34,000 எக்டேர். பூழே முழுவதும் சேர்ந்தே ஏறத்தாழ 500 எக்டேர்தான். அங்கு அரண்மனை போன்ற நிறுவனங்கள் இல்லை. செங்குத்தான சரிவில் குடும்பத்தாரே கொடி நட்டு, கையால் பறித்து, வீட்டு நிலவறையில் மது ஆக்கி, தம் பெயரிலேயே விற்கின்றனர்.

அவர்கள் வளர்க்கும் கொடிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. முதன்மையானது கமே. இக்கொடியை இழிந்தது என்று பழித்து, பர்கண்டிக் கோமகன் பிலிப்பு 1395இல் தம் நாட்டிலிருந்து பிடுங்கி எறியக் கட்டளையிட்டார். மிகுதியாகக் காய்ப்பதே அதன் குற்றம்! ஏழை உழவனுக்கு எது நன்மையோ அது கோமகனுக்குக் குற்றமாயிற்று. நல்ல நிலத்திலிருந்து விரட்டப்பட்ட கமே, தெற்கே பொசோலேக் குன்றுகளில் வேரூன்றியது. பூழேயிலும் அதுவே உழவர்க்குத் துணையாயிற்று. மற்றொன்று பூல்சார். தோல் மெல்லியது, நிறம் குறைந்தது, ஆழ்ந்த செம்மது இதிலிருந்து கிடைப்பது அரிது. இளஞ்சிவப்புக்கோ அக்குறையே நிறைவு.

செப்டம்பர் இறுதியில் பழம் பறிக்கின்றனர். உடனே பிழிகின்றனர், அல்லது சில மணி நேரம் தோலோடு ஊறவைத்துப் பிழிகின்றனர். சாற்றைக் குளிர்ந்த தொட்டியில் மெல்ல நொதிக்க விடுகின்றனர். முன்பு மலைக்குளிர் செய்த வேலையை இன்று குளிர்சாதனம் செய்கின்றது. சாற்றில் லிட்டருக்கு 180 கிராம் சர்க்கரை இருப்பதாகக் கொள்வோம். 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு விழுக்காடு சாராயம் என்பது கணக்கு. சாராயம் 6 விழுக்காட்டை எட்டும்போது ஏறத்தாழ 100 கிராம் கரைந்திருக்கும். 80 கிராம் எஞ்சியிருக்கும். இந்நிலையில் குப்பியில் அடைக்க வேண்டும். முந்தினால் குப்பி வெடிக்கும். பிந்தினால் நுரை இராது. குப்பிக்குள் ஒன்றரை விழுக்காடு ஏறும்போது 25 கிராம் அளவு நொதித்து, ஷாம்பேனுக்கு ஏறக்குறைய ஒத்த அழுத்தம் உண்டாகிவிடும். அழுத்தமும் குளிரும் சத்துக் குறைவும் சேர்ந்து ஈஸ்டை அடக்குகின்றன. மிஞ்சும் சர்க்கரை இனிப்பாகவே நிற்கின்றது. ஆகவேதான் சேர்தோன் மதுவில் சாராயம் 7 அல்லது 8 விழுக்காடு மட்டுமே. ஷாம்பேனில் அது 12. வெளியிலிருந்து ஒரு கரண்டிச் சர்க்கரையும் சேர்வதில்லை. சமையலில் பதம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுவே இங்கு அனைத்தும். அளவுகோல் வந்தபின்னும், எந்த நாளில் அடைப்பது என்பது அந்தத் தொட்டியோடு பழகியவர் முடிவாகவே இருக்கின்றது.

இம்முறையும் குடும்பங்களும் பிழைத்தது எளிதாக அன்று. 1863 முதல் தெற்குப் பிரான்சில் தலைகாட்டிய பைலோக்சரா என்னும் வேருண்ணிப் பூச்சி, அமெரிக்கக் கொடிகளோடு கடல் கடந்து வந்தது. ஐரோப்பியத் தோட்டங்களை வேரோடு சாய்த்தது. அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டுவதே மருந்தாயிற்று. செலவு தாங்காத மலைச்சரிவுகள் பல காடாயின. பூழேயின் தோட்டங்கள் முன்பிருந்த பரப்பை மீண்டும் எட்டவேயில்லை. ஷாம்பேனிலும் சிறு உழவர்கள் நொந்தனர். வெளியூர்த் திராட்சையை மலிவாக வாங்கி ஷாம்பேன் என்று விற்ற வணிகர்கள்மீது 1911 ஏப்ரலில் அவர்கள் பாய்ந்தனர். ஆயி என்னும் ஊரில் கிடங்குகள் எரிந்தன. தெருவில் மது ஓடியது. ஊர்ப்பெயர் யாருக்குச் சொந்தம் என்ற அந்தப் போராட்டத்தின் பயனாகவே, எந்த மண்ணில் விளைந்ததற்கு எந்தப் பெயர் என்று வரையறுக்கும் சட்டங்கள் பிரான்சில் படிப்படியாக உறுதிப்பட்டன. இலிமூவின் வெண்மது 1938இல் அவ்வுரிமையைப் பெற்றது. சேர்தோன் உள்ளிட்ட பூழே மதுக்கள் 1958இல் அதற்கு அடுத்த நிலையைப் பெற்று, முழு உரிமைக்காக மேலும் அரை நூற்றாண்டு காத்திருந்து, 2009இல் அதை அடைந்தன. சேர்தோன் என்ற பெயர் முன்னோர் முறையில் ஆன இளஞ்சிவப்பு மதுவுக்கே உரியது என்பது அதன் விதி.

இதற்கிடையே வேறோர் அலையும் எழுந்தது. பொசோலேயைச் சேர்ந்த ஜூல் ஷோவே (1907–1989) மது வணிகர், வேதியியலும் அறிந்தவர். ஆய்வகத்தில் வளர்த்த ஈஸ்டும் கந்தகமும் இல்லாமலே, தோட்டத்திலிருந்து வரும் ஈஸ்டைக் கொண்டு தூய மது ஆக்கலாம் என்று ஆய்ந்து காட்டினார். அவர் வழியைப் பின்பற்றிய இளைய தலைமுறையினர் 1990களில் லுவார் ஆற்றங்கரையில் முன்னோர் முறையை மீண்டும் கையிலெடுத்தனர். நாட்டுப்புறத்தார் வழக்கம் என்று தள்ளப்பட்டது, பாரீசு உணவகங்களில் புதுமை என்று கொண்டாடப்பட்டது. சேர்தோன் உழவர்கள் அதைக் கண்டு சிரித்திருக்கக்கூடும்.

இரு சாராரிடையே ஒரு வேறுபாடு மட்டும் நிற்கின்றது. லுவார்க் கரையினர் பலர் மண்டியை நீக்குவதில்லை. கலங்கிய மதுவே இயற்கையானது என்பது அவர்கள் கொள்கை. சேர்தோன் குடும்பங்களோ, குப்பியில் இரண்டு திங்களேனும் கிடந்த மதுவை அழுத்தம் குறையாமல் தொட்டிக்கு மாற்றி, வடிகட்டி, மீண்டும் குப்பியில் நிரப்புகின்றனர். நுரை போகாமலே தெளிவு வருகின்றது. தேறல் என்ற பெயரை இவ்விரண்டில் ஒன்றுக்குத் தர வேண்டுமானால், தமிழாசிரியர்கள் சேர்தோன் பக்கமே நிற்பார்கள்.